மை சாஸி கேர்ள்: விமர்சகர்கள் சொன்னதும் பார்த்தவர்கள் கேட்பதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கொரியப் படம் பார்க்க ஆசை, எதிலிருந்து தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான். பார்த்துவிட்டுத் திரும்பி வருபவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பாதிப் பேர் கண் கலங்கியதைச் சொல்வார்கள், மீதிப் பேர் கோபமாக வருவார்கள். இரண்டு தரப்புக்கும் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். முதல் ஐந்து கேள்விகளைப் படம் பார்க்காதவர்களும் படிக்கலாம். அதற்குப் பிறகு முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசிவிடுகிறேன்.

இது எந்தப் படம்? சுருக்கமா சொல்லுங்க.

2001 ஜூலையில் கொரியாவில் வெளிவந்த காதல் நகைச்சுவைப் படம். இயக்கியவர் குவாக் ஜே-யோங். நாயகன் கியோன்-வூவாக சா தே-ஹியுன், நாயகியாக ஜுன் ஜி-ஹியுன். நடைமேடையில் தண்டவாளத்தை ஒட்டித் தள்ளாடி நிற்கும் ஒரு பெண்ணைக் கியோன்-வூ பின்னால் இழுத்துக் காப்பாற்றுகிறான். அவள் நன்றாகக் குடித்திருக்கிறாள். ரயிலுக்குள் ஒரு பெரியவரின் பொய்முடி மேல் வாந்தி எடுத்துவிட்டு, கியோன்-வூவைப் பார்த்து "அன்பே" என்று கூப்பிட்டபடி மயங்கி விழுகிறாள். பெட்டியில் இருக்கும் அத்தனை பேரும் அவனைத்தான் காதலன் என்று நினைக்கிறார்கள். அந்தத் தப்பான நினைப்பிலிருந்துதான் கதை கிளம்புகிறது.

கொரியாவில் ஏறக்குறைய 48 லட்சம் டிக்கெட் விற்றது. நாட்டின் மக்கள் தொகையே ஐந்து கோடிக்குக் கீழே இருந்த காலம் அது. அதோடு ஒப்பிட்டால்தான் எண்ணிக்கையின் கனம் தெரியும்.

ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு தலைப்பு சொல்றாங்களே, எது சரி?

கொரியத் தலைப்பு "யொப்கிஜொகின் குன்யொ". குன்யொ என்றால் அவள். யொப்கி என்ற சொல்லுக்கு அகராதிப் பொருள் கோரம், விபரீதம் என்பதை ஒட்டி வரும். ஆனால் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொரிய இணைய இளைஞர்கள் அந்தச் சொல்லைப் பிடித்து, "கிறுக்குத்தனமானது, ஆனால் ரசிக்கத் தக்கது" என்ற பொருளில் எங்கே பார்த்தாலும் பயன்படுத்தினார்கள். எனவே அந்தத் தலைப்பைக் கேட்டதுமே கொரியர்களுக்குச் சிரிப்பும் கொஞ்சம் அதிர்ச்சியும் சேர்ந்து வந்திருக்கும்.

ஆங்கிலத் தலைப்பு அவளை வெறும் துடுக்குக்காரி ஆக்கிவிட்டது. சீனத் தலைப்போ "என் காட்டுத்தனமான காதலி" என்று போட்டது. அந்தத் தொடர் சீன மொழியில் அப்படிப்பட்ட பெண்ணைக் குறிக்கும் வழக்காகவே ஆகிவிட்டது. துடுக்குக்காரியை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அவள் கைநீட்டுவது உறுத்தும். யொப்கியை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு அவள் அழுவதுதான் எதிர்பாராதது. படத்தைப் பற்றிய பாதிக் கருத்து வேறுபாடு இந்தத் தலைப்பிலேயே தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

இன்டர்நெட்ல யாரோ எழுதின கதையாமே? நிஜமா நடந்ததா?

கிம் ஹோ-சிக் என்ற இளைஞர் 1999-ல் நவ்நூரி என்ற கொரியக் கணினித் தொடர்பு சேவையில் "கியோன்-வூ 74" என்ற பெயரில், தன் காதலியைப் பற்றித் துண்டு துண்டாக எழுதிய பதிவுகள்தான் மூலம். படிப்பவர்கள் அடுத்த பகுதிக்குக் காத்துக் கிடந்தார்கள். 2000-ல் புத்தகமாகவும் வந்தது. அனுபவத்திலிருந்து எழுதியது என்றுதான் அவர் சொன்னார். ஆனால் படத்தின் பிற்பகுதியில் வரும் பெரிய சோகமும் முடிவும் திரைக்கதைக்காகச் சேர்த்தவை.

படத்துக்குள்ளும் கியோன்-வூ தன் கதையை இணையத்தில் எழுதுகிறான், அது சினிமாவுக்குப் போகிறது. படம் சின்னச் சின்னச் சம்பவங்களாக நகர்வதற்கும், சில இடங்களில் "அப்புறம் ஒரு நாள்" என்ற தோரணை வருவதற்கும் இந்தப் பிறப்புதான் காரணம். திரைக்கதை கோர்வையாக இல்லை என்ற குறையும் இதிலிருந்து வந்ததே.

வெளிவந்தப்போ விமர்சகர்கள் பாராட்டினாங்களா, திட்டினாங்களா?

இரண்டும். ஒரு விஷயத்தில் மட்டும் பெரிய சண்டை இல்லை: ஜுன் ஜி-ஹியுன். அதுவரை அவரை நாடு அறிந்தது ஒரு பிரின்டர் விளம்பரத்தில் ஆடிய பெண்ணாகத்தான். அழகான முகம், அதற்கு மேல் என்ன என்று நினைத்திருந்தவர்களுக்கு இந்தப் படம் பதில் சொன்னது. 2002-ல் கொரியாவின் பழமையான திரை விருதான டேஜோங் விருதில் சிறந்த நடிகையாக அவர் தேர்வானார். அப்போது அவருக்கு 20 வயதுதான். தழுவல் திரைக்கதைக்கான விருதும் படத்துக்குக் கிடைத்தது.

சா தே-ஹியுனுக்குப் பாராட்டு குறைவாகவே கிடைத்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நாயகியிடம் அடி வாங்குகிறவன் எப்படி வாங்குகிறான் என்பதில்தான் நகைச்சுவையே இருக்கிறது. அவர் ஒரு இடத்தில்கூடப் பரிதாபம் தேடவில்லை. கொஞ்சம் தேடியிருந்தால் படம் அங்கேயே சரிந்திருக்கும்.

குறை சொன்னவர்கள் சுட்டிக்காட்டியவை மூன்று: நீளம் அதிகம், கடைசிப் பகுதி கண்ணீரைக் கறக்கிறது, முடிவில் வரும் தற்செயல் அளவுக்கு மீறியது.

ஹிட் ஆச்சு, விருதும் வாங்கிச்சு. அப்புறம் ஏன் சில பேர் முகம் சுளிச்சாங்க?

இதற்கு 2001-ஐப் புரிந்துகொள்ள வேண்டும். கொரியத் திரையரங்குகளில் விற்ற டிக்கெட்டுகளில் பாதியை ஒட்டிய பங்கு சொந்தப் படங்களுக்குப் போன ஆண்டு அது. ஹாலிவுட்டுக்கு எதிராக உள்ளூர்ப் படங்களைக் காக்கப் பல ஆண்டுகளாகப் போராடிய நாட்டுக்கு அது பெரிய வெற்றி. ஆனால் எந்தப் படங்கள் ஜெயித்தன? ரவுடிக் கூட்டத்தைப் பற்றிய "சிங்கு" 80 லட்சம் டிக்கெட்டைத் தாண்டியது. அதன் பின்னால் ரவுடி நகைச்சுவைகள் வரிசை கட்டின.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், விமர்சகர்கள் கொண்டாடிய சில சிறிய படங்கள் வந்த வேகத்தில் திரையரங்கிலிருந்து தூக்கப்பட்டன. ஐந்து இளம்பெண்களின் நட்பைச் சொல்லும் ஜொங் ஜே-உனின் "என் பூனையைப் பார்த்துக்கொள்" அவற்றில் ஒன்று. அப்படி நான்கு படங்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து "வா-ரா-நா-கோ" என்று பெயர் வைத்து, அவற்றை மறுபடி திரையிட வேண்டும் என்று ரசிகர்களே இயக்கம் நடத்தினார்கள். பெரிய வெற்றிப் படம் எதைப் பார்த்தாலும் "இதற்குக் கிடைத்த திரைகளில் ஒரு பத்து அதற்குக் கிடைத்திருக்கக் கூடாதா" என்ற ஏக்கம் விமர்சகர்களிடம் இருந்த நேரம். அந்த நிழல் இந்தப் படத்தின் மேலும் விழுந்தது. ரவுடிப் படங்களோடு இதையும் ஒரே கூடையில் போட்டது நியாயம் இல்லை. ஆனால் அந்த ஆதங்கத்தில் பொய் இல்லை.

முதல் பாதி சிரிச்சு சிரிச்சு பார்த்தேன், அப்புறம் ஒரேயடியா அழுகை. இது குறைதானே?

(இங்கிருந்து கதையைப் பேசுகிறேன்.)

படம் தன்னையே மூன்றாகப் பிரித்துத் திரையில் எழுதிக் காட்டுகிறது: முதல் பாதி ஆட்டம், இரண்டாம் பாதி ஆட்டம், கூடுதல் நேரம். கால்பந்து ஆட்டத்தின் சொற்கள். கூடுதல் நேரம் எப்போது வரும்? முடிவு தெரியாமல் ஆட்டம் சமநிலையில் நிற்கும்போது. இருவரும் ஜெயிக்காமல், தோற்காமல், பிரிந்து நிற்கும் இடத்தில்தான் அந்த மூன்றாம் பகுதி வருகிறது. அதனால் தொனி மாறுவது கைநழுவி நடந்தது இல்லை, திட்டமிட்டது.

திட்டமிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிடாது. இரண்டாம் பகுதியின் நடுவே படம் தளர்கிறது என்று சொன்ன விமர்சகர்களோடு நான் ஒத்துப்போகிறேன். இராணுவத்திலிருந்து ஓடிவந்த சிப்பாய் பொழுதுபோக்குப் பூங்காவில் இவர்களைப் பிடித்து வைக்கும் காட்சி எவ்வளவு நீளம்! அவள் அவனிடம் பேசும் பேச்சு நல்ல பேச்சு, ஆனால் அதற்கு அத்தனை ஏற்பாடு தேவையில்லை.

ஆனால் மலைக் காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. பிரிவதற்கு முன் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி, ஒற்றை மரத்தடியில் பெட்டியில் வைத்துப் புதைக்கிறார்கள். இரண்டு வருடம் கழித்து வந்து படிப்பதாகப் பேச்சு. அப்புறம் அவள் அவனை எதிர் மலைக்குப் போகச் சொல்கிறாள், குரல் கேட்கிறதா என்று பார்க்கலாமாம். அவன் ஓடி ஓடி அந்தப் பக்கம் போய் நிற்கிறான். அவள் இங்கிருந்து கத்துகிறாள்: மன்னித்துவிடு, என்னால் முடியவில்லை என்று. அவனுக்குக் கேட்கவில்லை. படம் முழுக்கக் கட்டளையாக மட்டுமே ஒலித்த அந்தக் குரல், முதல் முறை கெஞ்சும்போது கேட்க ஆள் இல்லாத தூரத்தில் இருக்கிறது. முதல் பாதியின் அத்தனை சத்தமும் இல்லாமல் இந்தக் காட்சிக்கு இந்த வலி கிடைத்திருக்காது.

அவ அவனை அடிச்சுக்கிட்டே இருக்கா. ஆண் அடிச்சா ஒத்துப்போமா? இதுக்குப் பேர் காதலா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கோபத்தோடு வரும், வர வேண்டியதும்தான்.

2001-ல் பார்த்தவர்களுக்கு இது தலைகீழ்ப்பாடாகத் தெரிந்தது. கொரியத் திரையில் அடக்கமாக நின்று, நோய்வாய்ப்பட்டு, அழகாகச் செத்துப்போகும் காதலிகள் நிறைந்திருந்தார்கள். அந்த வரிசையில் ஒருத்தி வந்து குடிக்கிறாள், ரயிலில் முதியவருக்கு இடம் தராதவனை அதட்டுகிறாள், பள்ளிச் சிறுமிகளைக் காசு கொடுத்து அழைத்து வரும் ஆண்களைச் சந்தி சிரிக்க வைக்கிறாள். கால் வலித்தால் தன் குதிகால் செருப்பை அவனை மாட்டிக்கொள்ளச் செய்து, அவன் ஷூவைத் தான் போட்டு நடக்கிறாள். அந்த விடுதலையைப் பார்த்துக் கைதட்டியவர்களின் மகிழ்ச்சி நிஜமானது.

ஆனாலும் அடி அடிதான். பெண் கொடுக்கிறாள் என்பதால் அது விளையாட்டு ஆகிவிடாது. காதலர்களுக்குள் வன்முறை என்பதைச் சமூகம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கிய பிறகு பார்த்தவர்கள் இதைக் குறையாகச் சொன்னது சரியே. படம் அதற்குச் சொல்லும் காரணம் துக்கம்: இறந்துபோன காதலனை மறக்க முடியாத ஒருத்தி, கிடைத்தவன் மேல் அதைக் கொட்டுகிறாள். காரணம் புரிகிறது, ஆனால் அது அனுமதிச் சீட்டு ஆகாது. படத்தில் வரும், கன்னத்தில் அறையும் நகைச்சுவைகளில் சிலவற்றுக்கு இன்றைக்கு எனக்கே சிரிப்பு வரவில்லை.

பெண்ணியப் படம்னு ஒருத்தர் சொல்றார், ஆண்களோட கனவுன்னு இன்னொருத்தர் சொல்றார். யார் சொல்றது சரி?

முதல் தரப்புக்கான காரணங்களை மேலே அடி பற்றிய பதிலில் சொல்லிவிட்டேன். இரண்டாவது தரப்பின் வாதத்தையும் கவனமாகக் கேட்க வேண்டும். கதையைச் சொல்வது அவன் குரல். அவளுக்குப் படம் முழுக்கப் பெயரே இல்லை, "அவள்" மட்டும்தான். அவளுடைய முரட்டுத்தனம் ஒரு காயம், பொறுமையான ஆண் காத்திருந்தால் ஆறிவிடும் என்று கதை முடிகிறது. கடைசிக் காட்சியில் அவள் அமைதியாக, ஒழுங்காக உடுத்தி வந்து உட்கார்கிறாள். முரட்டுத்தனம் இயல்பாக இருந்தால் அதை இப்படித் துடைக்க வேண்டியது ஏன்?

என் தீர்ப்பு நடுவில் நிற்கிறது என்று வழுக்க விரும்பவில்லை. எழுத்தில் அது ஆணின் கனவுதான். ஆனால் ஜுன் ஜி-ஹியுன் நடிப்பு அந்த எழுத்துக்குள் அடங்கவில்லை. குடித்துவிட்டு, சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசை ஆண்களை அவள் பார்க்கும் பார்வைக்கு எந்த ஆணின் கனவும் தேவைப்படவில்லை.

நடுவுல வர்ற சின்னச் சின்னப் படங்கள் எதுக்கு? அதை வெட்டியிருக்கலாமே?

அவள் திரைக்கதை எழுதுகிறவள். எதிர்காலத்திலிருந்து வரும் வீராங்கனை கதை ஒன்று, வாள் சண்டைக் கதை ஒன்று என்று எழுதி அவனைப் படிக்க வைக்கிறாள். அவை படத்துக்குள் படமாக விரிகின்றன. நீளத்தைக் குறை சொன்னவர்கள் முதலில் கைவைத்தது இங்கேதான். வாள் சண்டையை வெட்டியிருந்தால் நானும் வருந்தியிருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். கொரியாவில் பள்ளிப் பாடத்தில் படிக்கும் சிறுகதை ஹுவாங் சுன்-வொன் எழுதிய "சோனாகி", அதாவது திடீர் மழை. கிராமத்துச் சிறுவனும் நகரத்திலிருந்து வந்த சிறுமியும் மழையில் நனைகிறார்கள். நோயாளியான சிறுமி இறந்துபோகிறாள். அன்று உடுத்தியிருந்த உடையோடே தன்னைப் புதைக்கச் சொல்லிவிட்டுப் போகிறாள். கொரியர் அத்தனை பேரும் கண்கலங்கிப் படித்த கதை. நம் நாயகி அதன் முடிவை மாற்றுகிறாள்: சிறுவனையும் உயிரோடு சேர்த்துப் புதைக்கச் சொல்கிறாள்! அரங்கம் சிரிக்கும். ஆனால் இறந்தவனோடு தன்னையே புதைத்துக்கொண்டு வாழ்கிறவள் எழுதிய முடிவு அது. அவளுடைய ரகசியம் முழுக்க அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. இது தெரியாமல் பார்த்த வெளிநாட்டு விமர்சகர்களுக்கு அது இன்னொரு கிறுக்குத்தனமாக மட்டும் தெரிந்திருந்தால் அவர்கள் மேல் தவறில்லை.

கடைசில அந்த அத்தை விஷயம்... நம்புற மாதிரியா இருக்கு?

கியோன்-வூவின் அத்தை, இறந்துபோன தன் மகன் காதலித்த பெண்ணை அவனுக்கு அறிமுகம் செய்ய முதலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் போகாமல் நழுவிக்கொண்டே இருக்கிறான். கடைசியில் போய்ப் பார்த்தால் அந்தப் பெண் இவள்தான். அளவுக்கு மீறிய தற்செயல் என்று சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. எதார்த்தக் கதையாகப் பார்த்தால் இது நிற்காது.

ஆனால் இது எதார்த்தக் கதை இல்லை என்பதற்குப் படம் முதலிலிருந்தே குறிப்பு கொடுக்கிறது. கியோன்-வூ என்பதே கொரியாவின் பழைய கதையில் வரும் மாடு மேய்ப்பவனின் பெயர். வானத்தில் நெசவுக்காரப் பெண்ணைப் பிரிந்து வாழும் அவன், ஏழாம் மாதம் ஏழாம் நாள் மட்டும், காகங்களும் மேக்பை பறவைகளும் சேர்ந்து கட்டும் பாலத்தின் மேல் அவளைச் சந்திக்கிறான். படத்தின் முடிவில் வரும் பேச்சு, காதலிப்பவர்களுக்காக விதி தற்செயலைப் பாலமாகக் கட்டுகிறது என்பது. நவ்நூரியில் எழுதியவர் வைத்துக்கொண்ட பெயரிலிருந்தே இந்தப் பாலத்தை இயக்குநர் எடுத்திருக்கிறார் என்றுதான் நான் படிக்கிறேன்.

மரத்தடியில் அவள் சந்திக்கும் முதியவர் யார் என்றும் கேட்பார்கள். மின்னல் தாக்கிப் பட்டுப்போன மரத்துக்குப் பதிலாக, அவள் வருந்தக் கூடாது என்று ஓர் இளைஞன் வேறொரு மரத்தை நட்டான் என்று அவர் சொல்கிறார். காலம் தாண்டி வந்த கியோன்-வூதான் அவர் என்று ரசிகர்கள் நம்புகிறார்கள். எதிர்காலத்திலிருந்து வருபவர்களைப் பற்றி அவள் எழுதிய கதைகளோடு அது பொருந்துகிறது. படம் அடித்துச் சொல்லவில்லை, சொல்லாததே நல்லது. (அந்த மரம் இருக்கும் இடம் காங்வொன் மாகாணத்து ஜொங்சொன். இன்றும் மக்கள் போய்ப் பார்க்கிறார்கள்.)

வெளிநாட்டுல எப்படிப் போச்சு?

ஆசியாவில் பிரமாதமாக. ஹாங்காங்கில் 2002-ல் வெளியாகி நன்றாக ஓடியது. 2003 ஹாங்காங் திரை விருதுகளில் சிறந்த ஆசியப் படமாகவும் தேர்வானது. ஜப்பானில் 2003 ஜனவரியில் வந்தது, "விண்டர் சொனாட்டா" என்ற கொரியத் தொலைக்காட்சித் தொடர் அந்த நாட்டையே கட்டிப்போடுவதற்குச் சில மாதங்கள் முன்பு. மேற்கு நாடுகளில் பெரும்பாலும் டிவிடியில்தான் பரவியது, அதனால் பத்திரிகை விமர்சனத்தை விடப் பார்த்தவர்களின் சிபாரிசே அங்கே அதிகம் பேசியது.

ரீமேக் எல்லாம் ஏன் ஊத்திக்கிச்சு?

2008-ல் மட்டும் மூன்று வந்தன. அமெரிக்கப் படம் எலிஷா கத்பர்ட், ஜெஸ்ஸி பிராட்ஃபோர்டு நடித்தது, நியூயார்க்கில் நடக்கும், நேராக டிவிடிக்குப் போனது. இந்தியில் மல்லிகா ஷெராவத், ரன்வீர் ஷோரி நடித்த "அக்லி ஔர் பக்லி". ஜப்பானில் தொலைக்காட்சித் தொடர்.

அமெரிக்க, இந்திப் பதிப்புகள் இரண்டிலும் சம்பவங்கள் இருக்கின்றன, துக்கம் இல்லை. இருந்தாலும் ஒட்ட வைத்ததுபோல் இருக்கிறது. செருப்பு மாற்றுவதை எந்த ஊரிலும் படம் பிடிக்கலாம். ஆனால் அடக்கமாக இருப்பதே பெண்மை என்று அழுத்தும் சூழல் இல்லாத இடத்தில், அவள் அதட்டுவதில் அதிர்ச்சி எங்கிருந்து வரும்? நியூயார்க்கில் அவள் வெறும் எரிச்சலூட்டும் பெண்ணாகிவிட்டாள்.

கொரியாவிலேயே 2016-ல் வந்த தொடர்ச்சி இதைவிட மோசம். பழைய நாயகி புத்தத் துறவி ஆகிவிட்டாள் என்று தொடக்கத்திலேயே முடித்துவிட்டு, கியோன்-வூவுக்கு வேறு பெண்ணைக் கல்யாணம் செய்து வைத்தார்கள். இருவரும் மறுபடி சேர அவ்வளவு காலம் காத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு அதை எப்படி ஏற்க முடியும்? படம் ஓடவில்லை.

"விண்ட்ஸ்ட்ரக்" இதோட முன்கதையா?

2004-ல் அதே இயக்குநர், அதே நாயகி. ஜுன் ஜி-ஹியுன் அதில் போலீஸ்காரி, காதலனை இழக்கிறாள். கடைசியில் ரயில் நடைமேடையில் சா தே-ஹியுன் வந்து நிற்கிறார். அதை வைத்து முன்கதை என்கிறார்கள். பாத்திரங்களின் விவரங்கள் பொருந்தாது, ஒரு கண்ணடிப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய படத்தின் மிச்சத்தில் ஓட்டப் பார்க்கிறது என்றுதான் அதற்குக் குறை வந்தது. எனக்கும் அது பிடிக்கவில்லை.

எந்தப் பதிப்பைப் பார்க்கணும்?

திரையரங்கில் ஓடியது 123 நிமிடம், இயக்குநர் பதிப்பு 137 நிமிடம். முதல் முறைக்குச் சின்னதே போதும். தளர்வு பற்றி மேலே சொன்னது பெரியதில் இன்னும் கூடுகிறது.

இவ்வளவு குறை சொல்லிட்டு, இன்னும் ஏன் எல்லாருக்கும் இதையே சிபாரிசு பண்றீங்க?

பத்து விதிகளுக்காக. அவள் விலகிப் போகும் நேரத்தில், அவளைச் சந்திக்க வந்த வேறொருவனிடம் கியோன்-வூ உட்கார்ந்து சொல்கிறான்: அவளைப் பெண் மாதிரி இரு என்று சொல்லாதீர்கள். மூன்று கோப்பைக்கு மேல் குடிக்க விடாதீர்கள். காபிக் கடையில் கோலாவோ ஜூஸோ கேட்காதீர்கள், காபி குடியுங்கள். அவள் அடித்தால், வலிக்காவிட்டால் வலிப்பதுபோல் இருங்கள், வலித்தால் வலிக்காததுபோல் இருங்கள். பழகி நூறாவது நாள் அவள் வகுப்புக்கு ரோஜாவோடு போங்கள். வாள்பயிற்சியும் ஸ்குவாஷும் கற்றுக்கொள்ளுங்கள். சில நேரம் சிறைக்குப் போகத் தயாராக இருங்கள். கொன்றுவிடுவேன் என்றால் லேசாக எடுக்காதீர்கள். கால் வலித்தால் செருப்பை மாற்றிக்கொள்ளுங்கள். கடைசியாக, அவளுக்கு எழுதப் பிடிக்கும், ஊக்கம் கொடுங்கள்.

முதல் பாதியில் நாம் சிரித்த ஒவ்வொரு சம்பவமும் இங்கே ஒரு வரியாக, சிரிப்பு இல்லாமல் திரும்பி வருகிறது. அந்த ஆள் சொல்ல, அவள் இதைக் கேட்டுவிட்டு எழுந்து ஓடும்போது, கியோன்-வூ ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்கிறான்.